வாயு மூலைத் தண்ணீர்

எங்கள் டவுன் முனிசிபாலிட்டி சேர்மன் கடலைக் காப்பாற்றப் புறப்பட்டது ஐம்பதுகளின் கடைசியில். திண்டுக்கல்லிலிருந்து கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரைக் கேட்டிருந்தால் ராமேசுவரம் போகிற ரயிலைக் கை காட்டியிருப்பார். கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கேட்டிருந்தாலும், அவர் சொல்லும் பதில் சரியா தப்பா என்று பார்க்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். டவுன் சாக்கடை முழுவதும் அப்போது ஓர் ஓடையில் போய் விழுந்தது. வீட்டுக் கழிவு, சந்தைக் கழிவு, தோல் பதனிடுகிற இடங்களின் கழிவு எல்லாம் அதிலேதான். ஓடை எங்கள் ஊரை உரசிக்கொண்டு வடக்கே போய் ஆற்றில் சேரும். அந்த ஆறு இன்னோர் ஆற்றில் கலந்து, காவிரிக்குப் போய், காவிரி கடலுக்குப் போகும். இப்படி அழுக்கை அப்படியே ஆற்றில் விடக் கூடாது, தொட்டி கட்டித் தேக்கி, வண்டலை அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரைப் புல் வயலில் பாய்ச்சி, அப்புறம்தான் ஓடையில் விட வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். அதை எழுதியவருக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது, அவ்வளவே.

நான் சாணார்பட்டிப் பக்கம் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். டவுனுக்கு வடக்கே, மாட்டு வண்டியில் பேச்சு முடிவதற்குள் போய்ச் சேர்கிற தூரம். கத்திரிக்காயும் கனகாம்பரமும் மல்லிகையும் விளைகிற மண். ஆனால் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பருப்பை உலையில் போட்டால் அடுத்த வேளைக்குத்தான் வேகும். எங்கள் மாமனார் தோட்டத்து ஓரத்தில் இருந்த ஒரே ஒரு கிணறுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. ஊரே குடிக்க அங்கேதான் வரும். அந்தக் கிணற்றால்தான் மாமனாருக்கு மரியாதை, அந்த மரியாதையால்தான் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் பதவி. கிணற்றை வெட்டியது அவருடைய தாத்தா. இவர் அதில் ஒரு கூடை மண் அள்ளிப் போட்டதில்லை. ஆனால் யாராவது ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன ருசி, என்ன ருசி" என்றால், என்னமோ தானே ஊறிக் கொடுத்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

அவருக்கு இன்னொரு பெருமை, மனையடி சாஸ்திரம். ஊரில் யார் வீடு கட்டினாலும், மாட்டுக் கொட்டகை போட்டாலும், குப்பைக்குழி தோண்டினாலும் இவரைக் கூப்பிடாமல் நடக்காது. கையில் ஒரு எலுமிச்சம்பழம், தோளில் ஒரு கயிறு, இவ்வளவுதான் கருவி. எங்கள் அடுப்படிக் கதவை எனக்குத் தெரிந்து மூன்று தடவை இடம் மாற்றினார். மூன்றாவது தடவை மாற்றியபோது முதலில் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் வீட்டில் லட்சுமி நுழைந்தாள் என்று எல்லாரிடமும் சொன்னார். அப்படியானால் அதற்கு முன்னால் லட்சுமியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது யார் என்று கேட்க நாக்குத் துடித்தது. புதுப் பெண், அடக்கிக்கொண்டேன்.

தொட்டி கட்ட முனிசிபாலிட்டி தேடிப் பிடித்த இடம் எங்கள் தோட்டத்தை ஒட்டிய மேட்டு நிலம். அளந்து குறிக்கிற நாளில் சேர்மன் காரில் வந்தார். கூடவே ஓவர்சியர், கையில் சுருட்டிய வரைபடத்தோடு, வேர்த்து விறுவிறுத்து. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற மதகு வடகிழக்கில் வரவேண்டும் என்று அவர் குச்சி நட்டிருந்தார். அந்தப் பக்கம்தான் நிலம் சரிகிறது. புல் வயலும் அங்கே, ஓடையும் அங்கே. இதைக் கண்டுபிடிக்க ஓவர்சியர்கூட வேண்டாம், ஒரு தேங்காயை உருட்டிவிட்டால் போதும்.

மாமனார் கயிற்றைப் போட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார், அப்புறம் முகம் மாறிப் போய் நின்றார். அவர் முகம் மாறியதைப் பார்த்து சேர்மன் முகமும் மாறியது. வடகிழக்கு ஈசானிய மூலை, சாமி இருக்கிற மூலை, அங்கே சாக்கடையை விட்டால் கட்டினவன் குடும்பம் விளங்காது, பதவி தங்காது என்று மாமனார் சொன்னார். குடும்பம் விளங்காது என்றபோது சேர்மன் கொஞ்சம்தான் கவலைப்பட்டார். பதவி தங்காது என்றதும் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அடுத்த தேர்தலுக்கு அவர் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

ஓவர்சியர் பாவம், நிலத்தின் சரிவைச் சொன்னார், கணக்கைச் சொன்னார். சேர்மனுக்கு அதெல்லாம் ஏறவில்லை. வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் சொன்ன பக்கம் போகாதா என்று கேட்டார். தண்ணீர் அவருடைய கட்சிக்காரன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மதகு வடமேற்குக்கு, வாயு மூலைக்கு மாறியது. அழுக்குக்கு உரிய மூலை அதுதான் என்று சாஸ்திரமே சொல்கிறதாம். வாயு மூலைக்கு நேராக என்ன இருக்கிறது? ஒரு பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கட்டி நிற்கிற பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், எங்கள் கிணறு.

அங்கே ஊரில் பாதி நின்றது. உழுகிறவன், ஏற்றம் இறைக்கிறவன், வரப்பு வெட்டுகிறவன் எல்லாரும் நின்றார்கள். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மடை மாற்றிப் பிழைத்த கூட்டம். சேர்மன் சொன்னதற்கெல்லாம் மண்டையை மண்டையை ஆட்டினார்கள். அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"மாமா, அந்தப் பள்ளத்துல சாக்கடை நின்னா நம்ம கெணத்துக்குத்தான ஊறும்?"

"ஏத்தா, வெஞ்சனத்துல உப்பு சாஸ்தியா இருக்கு. மொதல்ல அதப் பாரு" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

தொட்டி கட்டி முடிந்து திறப்பு விழா நடந்த அழகைச் சொல்ல வேண்டும். பந்தல், மாவிலைத் தோரணம், மைக் செட். டவுனிலிருந்து ஒரு குருக்களை அழைத்து வந்திருந்தார்கள். கும்பம் வைத்து, கங்கையையும் யமுனையையும் காவிரியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதில் இறக்கி, கடைசியில் அந்தக் கும்பத்துத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நாற்றத்துக்குத்தான் அடைத்துக்கொண்டேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். சேர்மன் மதகுக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்தைத் திருகினார். கறுப்பாக ஒரு தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்தினால் கை தட்ட முடியாது, கை தட்டினால் மூக்கைப் பொத்த முடியாது. சேர்மன் பார்க்கும்போது தட்டினார்கள், அவர் திரும்பியதும் பொத்தினார்கள்.

அப்புறம் பேச்சு. நம்முடைய அழுக்கு இனிமேல் கடலுக்குப் போகாது, கடல் நமக்குத் தாய், கடலில் வாழும் மீன் நமக்குச் சகோதரன் என்று வாய் கிழியப் பேசினார். அவர் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தச் சகோதரனைக் குழம்பு வைப்பார்கள் என்பது டவுனுக்கே தெரியும். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்தது கிடையாது. பார்த்தவர்களும் அப்பன் சாம்பலைக் கரைக்கப் போனபோது பார்த்ததுதான். இருந்தாலும் அன்றைக்கு எல்லாருக்கும் கடல் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. காலடியில் இருந்த கிணற்றை நினைத்து ஒருத்தருக்கும் பொங்கவில்லை.

மதகைத் திறந்து மூட, தொட்டியில் மிதக்கிற கசடை வாரிப் போட, முனிசிபாலிட்டி ஓர் ஆளை நியமித்தது. டவுனில் தெரு கூட்டுகிற குடும்பத்து ஆள். தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை கட்டிக் கொடுத்தார்கள். அவனும் அவன் பெண்சாதியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். அறை கட்டினவர்களுக்கு, அதில் இருக்கிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் வரவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் எங்கள் கிணற்றுக்குத்தான் அவள் வரவேண்டும்.

வந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி அவள் கிணற்றை நெருங்கக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இறைக்கிற யாராவது மனசு வைத்தால், வாளியை உயரத் தூக்கி அவள் குடத்தில் ஊற்றுவார்கள். பாதி உள்ளே விழும், பாதி வெளியே போகும். மனசு வைக்காவிட்டால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். சில பெண்கள் வேண்டுமென்றே ஊர்க்கதை பேசி நேரத்தைக் கடத்துவார்கள். வீட்டில் மாமியாருக்குப் பயந்து நடுங்குகிற கழுதைகளுக்கு, காக்க வைக்க ஓர் ஆள் கிடைத்ததில் அப்படி ஒரு சந்தோஷம். நான் போனால் உடனே ஊற்றிவிடுவேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. எனக்கு வீட்டில் வேலை கிடந்தது, அவள் நிற்பதைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது.

தீண்டாமை குற்றம் என்று அதற்கு முன்னாலேயே சட்டம் வந்துவிட்டது. அது திண்டுக்கல் வரை வந்து, எங்கள் ஊருக்குப் பஸ் இல்லை என்று திரும்பிப் போயிருக்க வேண்டும்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லி, வெடுக்கென்று பேசுகிற சுபாவம். ஆனால் கிணற்றடியில் பேச்சை விழுங்கிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் என்னிடம் ஒன்று கேட்டாள். சொந்தமாக ஒரு வாளியும் கயிறும் வாங்கிக்கொள்கிறாளாம், ஊர்ப் பெண்கள் எல்லாம் இறைத்துப் போன பிறகு வந்து தானே இறைத்துக்கொள்கிறாளாம், பிள்ளையை அறையில் தனியாக விட்டுவிட்டு இங்கே வந்து காத்துக் கிடக்க முடியவில்லை, மாமனாரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள். கேட்டேன். கயிறு தண்ணீரைத் தொடும், அவள் கயிற்றைத் தொடுவாள், அப்படியானால் அவள் கிணற்றைத் தொட்ட மாதிரிதான் என்று மாமனார் கணக்குச் சொன்னார். பள்ளத்துத் தண்ணீர் மண்ணைத் தொடும், மண் கிணற்றைத் தொடும் என்கிற கணக்கு மட்டும் அவருக்கு வராது.

பள்ளத்தில் சாக்கடை தேங்கியது. அங்கிருந்து ஓடைக்கு வெட்டிய வாய்க்கால் மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆரம்பத்தில் கொசுவையும் நாற்றத்தையும் பற்றி முணுமுணுத்தார்கள். ஆனால் பள்ளத்தைச் சுற்றி இருந்த தோட்டங்களில் கத்திரிச் செடி இடுப்பு உயரம் வளர்ந்து, பூவெல்லாம் கைகொள்ளாமல் பூத்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தண்ணீருக்கு அடிதடி. எனக்கு முதல் மடை, உனக்கு இரண்டாம் மடை என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷம் எங்கள் தோட்டத்துப் பூவை மாமனார் பழனிக்கு அனுப்பினார். முருகன் கழுத்தில் நம்ம ஊர்ப் பூ என்று ஒரே பீத்தல். வாயு மூலை கொடுத்த வரம் என்றார். முருகன் அதைப் பொறுத்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

ஐப்பசி மழை பிடித்துப் பெய்தது. பள்ளம் நிரம்பிக் கிணற்றடி வரை ஈரம் வந்தது. சில நாளில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. காப்பி திரிந்தது. சோறு ஊசிப்போன மாதிரி மணத்தது. வாளியில் பார்த்தால் விளிம்பில் மெல்லிசாக ஒரு நுரை. சாக்கடைதான் ஊறுகிறது என்று மூக்கு உள்ள எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு மூக்கு இருந்தது, சொரணைதான் இல்லை. என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? அந்தத் தொட்டிக்காரன் பெண்சாதி யாருக்கும் தெரியாமல் கயிற்றைத் தொட்டுவிட்டாள், தீட்டுப் பட்டுத்தான் கிணறு கெட்டுப் போனது என்றார்கள்.

புளிய மரத்தடியில் பஞ்சாயத்துக் கூடியது. மாமனார் நடுவில். அவளைக் கூப்பிட்டுத் தள்ளி நிற்க வைத்தார்கள். உச்சி வெயிலில் அவள் கிணற்றடியில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருத்தி சாட்சி சொன்னாள். நின்றாள்தான், அவளைத் தினமும் நிற்க வைத்ததே இவர்கள்தானே! தான் கயிற்றைத் தொடவில்லை என்று அவள் நிதானமாகச் சொன்னாள். அதை யார் கேட்டார்கள்? இனிமேல் கிணற்றுப் பக்கம் தலை காட்டக் கூடாது, மீறினால் அறையைக் காலி செய்ய வைத்து டவுனுக்கே துரத்துவோம் என்று தீர்ப்பு. அவளுக்காகப் பேச ஒரு ஆண்பிள்ளை எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவள் பிள்ளையை இடுப்பிலும் குடத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு டவுன் எல்லையில் இருந்த தெருக்குழாய் வரைக்கும் நடந்தாள். போய்வரும்போது எங்கள் தோட்டத்தைத் தாண்டித்தான் போவாள். எதிரில் பார்த்தால் பேச மாட்டாள். நான் ஏதாவது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பாள். அந்தக் கோபம் நியாயம்தான்.

ஊர் கிணற்றைச் சுத்தப்படுத்தியது. குருக்கள் திரும்ப வந்தார். கமலை கட்டி ஒரு பகல் முழுக்க இறைத்தார்கள். மஞ்சளைக் கரைத்து ஊற்றினார்கள், வேப்பிலை போட்டார்கள், குடம் குடமாகக் கோமியத்தை உள்ளே கொட்டினார்கள். சுண்ணாம்பும் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் மாமனார் முதல் ஆளாக ஒரு செம்பு குடித்து, "பழைய ருசி வந்துருச்சு" என்றார். எங்கள் வீட்டில் நான் காய்ச்சித்தான் கொடுத்தேன். காய்ச்சினால் வாடை தூக்கலாகத் தெரிகிறது என்று அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

ஊரில் பேதி ஆரம்பித்தது. வீட்டுக்கு ஒருத்தர், இரண்டு பேர் என்று படுத்தார்கள். மாமனாரும் படுத்தார். வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், கூட்டிக்கொண்டும் வந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுக் குழந்தையைக் கொண்டு போனார்கள், கூட்டிக்கொண்டு வரவில்லை. பல் முளைக்காத குழந்தை. தொட்டிக்காரன் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றும் இல்லை. கிணற்றிலிருந்து துரத்தப்பட்டதால் பிழைத்தார்கள். அதைப் பார்த்தாவது இந்த மண்டைகளில் ஏதாவது உறைக்கும் என்று நினைத்தேன். அவள் ஏதோ செய்வினை வைத்திருக்கிறாள், அதுதான் அவள் பிள்ளை மட்டும் நன்றாக இருக்கிறது என்று பேசினார்கள்.

பேதி செய்தி போய் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். தொட்டி வரைக்கும் நடந்து போய் மதகைப் பார்த்துவிட்டு வந்தார். சரிவு அந்தப் பக்கம் இருக்க, மதகை இந்தப் பக்கம் வைக்கச் சொன்ன புத்திசாலி யார் என்று கேட்டார். எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். மாமனார் எல்லாரையும்விட அக்கறையாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, கிணற்றுச் சுவரில் சிவப்பு மையால் "குடிக்க உதவாது" என்று பெரிசாக எழுதச் செய்துவிட்டுப் போனார்.

தேர்தல் நெருங்கிவிட்டதால் சேர்மனுக்கு எங்கள் மேல் கருணை சுரந்தது. டவுன் குழாயை நீட்டி எங்கள் ஊருக்கு இழுத்தார்கள். பித்தளைக் குழாய் ஒன்று, சிமெண்டு மேடை ஒன்று. எங்கே வைப்பது? பிரசிடெண்ட் வீட்டு வாசலுக்கு எதிரில்தான். நல்ல தண்ணீர் வந்தது. ஊர் கிணற்றைக் கைகழுவியது. ஒரு ஆடு மாடுகூட அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது.

இதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. ஒருநாள் சேர்மனும் மாமனாரும் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். மறுநாளே கிணற்றுச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். சிவப்பு எழுத்து மறைந்தது. அதற்கு மேலே நீல மையில் "எல்லோருக்கும் பொதுக் கிணறு" என்று அழகாக எழுதினார்கள். பந்தல், தோரணம், மைக் செட் எல்லாம் மறுபடி வந்தன. டவுன் ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்காரரும் வந்தார். மாமனார் தன் சொந்தக் கிணற்றைச் சாதி பேதமில்லாமல் எல்லாருக்கும் திறந்துவிட்ட வள்ளல். சேர்மன் அதற்கு வழிகாட்டிய தலைவர். இரண்டு பேருக்கும் மாலை. வாயு மூலைத் தோட்டத்துப் பூதான்.

அவளுக்கு முனிசிபாலிட்டி செலவில் ஒரு புடவை கொடுத்து, வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். வராவிட்டால் புருஷன் வேலை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? வந்தாள். இத்தனை காலம் தொடாதே தொடாதே என்று விரட்டின கயிற்றை இந்தா பிடி, இந்தா பிடி என்று நீட்டினார்கள். அவள் இறைத்தாள். போட்டோக்காரர், முகம் சரியாக விழவில்லை, சிரித்த மாதிரி இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை இறைத்தாள். சிரிக்கவில்லை. வாளியில் இருந்தது கஷாய நிறத்தில் என்னமோ. ஆயிரங்காலத்து அவமானத்தைத் துடைத்துவிட்டோம் என்று சேர்மன் மைக்கில் முழங்கினார். அவள் வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். போட்டோ கண்ணாடி போட்டு எங்கள் கூடத்தில் தொங்கியது. வருகிற போகிறவர்களிடமெல்லாம் மாமனார் அதைக் காட்டுவார். அவளை வீட்டுக்குள் விட மாட்டார், அவள் படத்தை மட்டும் விட்டார்.

இவ்வளவு செய்தும் சேர்மன் தேர்தலில் தோற்றார். வரைபடத்தில் முதலில் ஈசானிய மூலை இருந்த தோஷம்தான் காரணம் என்று மாமனார் விளக்கம் சொன்னார். அடுத்து வந்தவர் வாயு மூலையை அடைத்து ஈசானிய மூலையை உடைத்துத் திறந்தார். அதற்குள் தொட்டி முழுக்க வண்டல் ஏறிக் கெட்டித்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுக்கிற புத்தி ஒருத்தருக்கும் வரவில்லை. அதனால் சாக்கடை ஒரு பக்கம் வந்த வேகத்தில் மறுபக்கம் வெளியே போனது. ஓடைக்குப் போய், ஆற்றுக்குப் போய், காவிரிக்குப் போய், தாய் என்று சொன்ன கடலுக்கே போனது. பேசின பேச்சு மட்டும்தான் எங்கள் ஊரில் தங்கியது.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் நடக்கும் முன்னால், கிணற்று விழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் குழாயடியில் கூட்டம். அவள் குடத்தோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். பெண்கள் ஒதுங்கினார்கள், குசுகுசுவென்று பேச்சு. யாரோ போய்ச் சொல்லி, மாமனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குன்னு ஒரு கெணத்தையே குடுத்தாச்சு. பெறகு இங்க என்னத்தா சோலி?" என்றார்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்தத் தண்ணிய எங்க வீட்டுக்காரரு தெனமும் தொறந்து விடுறாரு சாமி. அதுக்கு நா கெணத்துக்குப் போகணுமா? தொட்டியிலயே மோந்துக்கிட மாட்டேனா?"

சொல்லிவிட்டு நேராகக் குழாய்க்கு நடந்தாள். நின்றவர்களெல்லாம் இரண்டு பக்கமும் சிதறி வழி விட்டார்கள். அவளைத் தடுக்க வேண்டுமானால் பிடித்துத் தள்ள வேண்டும், தள்ள வேண்டுமானால் தொட வேண்டும். ஒருத்தருக்கும் கை வரவில்லை. தாங்கள் கட்டிக் காத்த வழக்கமே தங்களைக் கட்டிப் போட்டதைப் பார்த்து, அத்தனை பேரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். அவள் குடத்தை வைத்து, குழாயைத் திருகி, நிறையும்வரை நின்று, மூடிவிட்டு, தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் குழாயைப் புளி போட்டுத் தேய்க்க உத்தரவானது. தேய்த்துக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து பிடித்தார்கள்? அவள் தொட்ட அதே குழாயைத் திறந்துதான். மறுநாளும் வந்தாள், மறுநாளும் தேய்த்தார்கள். என்னையும் தேய்க்கச் சொன்னார். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். மதுரை ஜில்லாவில் அந்தக் குழாய் மாதிரிப் பளபளவென்று மின்னின குழாய் வேறு இருந்திருக்காது. தேய்க்கிற முறை யாருடையது என்று பெண்களுக்குள் சண்டை வந்தது. உன் வீட்டுப் புளி, என் வீட்டுப் புளி என்று அதற்கும் சண்டை வந்தது. கொஞ்ச நாளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேய்த்தார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை மட்டும் தேய்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள்.

ஊர் திருந்தியதால் விட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோம்பல்தான். அவள் மட்டும் சோம்பவில்லை. தினமும் காலையில் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், குழாயைத் தானே திறந்து, குடம் நிறைந்ததும் தானே மூடிவிட்டுப் போனாள்.